ஆள் வாசனைக்கு நின்ற ஜூலி

போன வாரம் பபேடான் கடைத்தெருவில் மழைக்கு ஒரு கடை வாசலில் ஒதுங்கினேன். பக்கத்தில் ஒரு பெண் மூங்கில் கூடைக்குள் குருவிகளை அடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புண்ணியத்துக்காக விலை கொடுத்து வாங்கிப் பறக்கவிடுகிற குருவிகள். நனைந்த மூங்கிலும் பறவை எச்சமும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் ஓரடி விலகி நின்றேன். இத்தனை வருஷம் கழித்தும் முதலில் வருவது பயம்தான். அதன் பின்னால்தான் ஜூலி வருகிறாள்.

ஜூலி ஒரு நாய். உடம்பெல்லாம் வெள்ளை, காதுகள் மட்டும் ஈரல் நிறம். பாயிண்டர் ஜாதி. இந்த ஜாதிக்கு வேலையே நிற்பதுதான். பறவை வாசனை பட்டால் குரைக்கக் கூடாது, பாயக் கூடாது. ஒரு முன்னங்காலை மடக்கித் தூக்கி, வாலை விறைத்து, பறவை பதுங்கியிருக்கும் பக்கம் மூக்கை நீட்டி அப்படியே நிற்க வேண்டும். துப்பாக்கிக்காரர் நடந்து வந்து சேரும்வரை அசையக் கூடாது. அதில் பாதி பிறவிக் குணம். மீதியை ஆள் வைத்துப் பழக்க வேண்டும். அந்த ஆள் நான்.

அப்போது எனக்கு இருபது வயது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் எனக்கு விடை கொடுத்திருந்தது. லாரி, அரிசி ஆலை, மரக்கிடங்கு என்று சுற்றிவிட்டு அலோன் படகுத்துறையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். பபேடானில் மருந்துக்கடை வைத்திருந்த ஆபிரகாம் சயா (மருந்து தருகிறவரை பர்மாவில் மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள்) நாய் பழக்க ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டுப் போய் நின்றேன். முன்னே பழக்கியிருக்கிறாயா என்று கேட்டார். தாத்தோனில் ஒரு தோட்டக்காரரிடம் நாலு நாய் பழக்கினேன் என்று சொன்னேன். தாத்தோன் உண்மை. ஆனால் அங்கே நான் பார்த்தது கருவாட்டுக் கொட்டகையில் நாய் விரட்டுகிற வேலை. பொய் சொன்னதற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. வேலையோடு சோறும், அவருடைய கிடங்கின் பின்பக்கம் கூரை ஒழுகாத ஒரு அறையும் இருந்தன. அறையில் ஜூலியும் இருந்தாள். முதல் நாளே என் லுங்கியைக் கடித்துக் கிழித்தாள். பத்தாம் நாள் என் காலடியில் படுத்தாள்.

சயாவுக்கு ஒரே பைத்தியம் உள்ளான். மழைக்காலம் முடிகிற சமயம் வடக்கே எங்கிருந்தோ அந்தப் பறவைகள் வந்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் டலா வயல்களில் சேற்றைக் குத்தித் தின்னும். சேற்று நிறத்திலேயே இருப்பதால் மிதிக்கிற தூரத்தில் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. நாய் நின்று காட்டினால்தான் உண்டு. மழை நிற்பதற்குள் ஜூலி தயாராக வேண்டும் என்றார். ஆகாவிட்டால் என்ன என்பதையும் மருந்து பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னார்.

“நிக்காத நாய்க்கு என் வீட்ல சோறு கெடையாது. ரோட்ல விட்டுட வேண்டியதுதான்.”

அந்த நாட்களில் ரோட்டில் விட்ட நாய் ஒரு வாரம் தாங்காது. விஷம் தடவிய கறித்துண்டுகளோடு முனிசிபல் ஆட்கள் விடியற்காலையில் வருவார்கள். என் இடம் போனால் எனக்குக் கவலையில்லை, இடம் போவது எனக்குப் பழகிய விஷயம். இவளுக்கு அது ஒரு தடவைதான் நடக்கும். அன்றிலிருந்து மழை பெய்தால் சந்தோஷப்பட்டேன், வெயில் அடித்தால் பயந்தேன்.

பழக்க உயிருள்ள பறவை வேண்டும். சயாவின் மனைவி பர்மாக்காரம்மா, கடுமையான புத்த பக்தி. பழக்குகிற பறவை ஒன்றுகூடச் சாகக் கூடாது, பறக்கவிட்ட புண்ணியம் தன் பெயரில் சேர வேண்டும் என்று சொல்லிவிட்டார். எனவே பகோடா வாசலில் பறவை விற்கிற முனியம்மாக்காவிடம்தான் வாங்க வேண்டும். பர்மாக்காரர்களுக்கு அவள் மா முன். குருவிகளோடு புறாவும் வைத்திருப்பாள். நாங்கள் பறக்கவிட்ட புறா எங்களுக்கு முன்னாலேயே அவள் வீட்டுக் கூரைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

“ஒரே புறாவ மூணு தடவ வாங்கிட்டே. இனிமே அதுவே ஒன்னப் பாத்தா கூண்டுக்குள்ள ஏறிக்கும்டா” என்பாள்.

கிடங்குக்குப் பக்கத்தில் இடுப்புயரப் புல் வளர்ந்த காலிமனை இருந்தது. நான் வெற்றிலையை மென்றுகொண்டே புறாவைக் கையில் பிடித்துப் புல்லுக்குள் நடந்து போவேன். ஒரு புதருக்குள் அதை வைத்து லேசான கூடையால் மூடிவிட்டு, வந்த வழியே திரும்பி வருவேன். பிறகு ஜூலியை நீளக் கயிற்றில் கொண்டு போவேன். கூடைக்கு முன்னால் போய் நிற்பாள். நான் கூடையைத் தூக்க, புறா பறக்க, ஜூலிக்கு ஒரு துண்டு ஈரல். ஒரு மாதத்தில் ஆடாமல் அசையாமல் நின்றாள். சயா ஒருநாள் வந்து பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். எனக்கு ரொம்பப் பெருமை.

அதற்கு நாலு நாள் கழித்து, படகுத்துறையில் மூட்டைகளுக்கு நடுவே தூங்கிக்கொண்டிருந்த ஒரு கூலியாளின் முன்னால் ஜூலி காலைத் தூக்கிக்கொண்டு நின்றாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. இவள் மூக்கைக் காற்றில் தூக்கிப் பறவையைத் தேடவே இல்லை. தரையில் என் காலடியைப் பிடித்துக்கொண்டு போய், மனித வாசனை முடிகிற இடத்தில் நிற்கக் கற்றிருக்கிறாள். ஈரல் கிடைத்ததும் அங்கேதான். நான் பழக்கியது அதைத்தான்.

சயாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. காலில் கோணிப்பை சுற்றிக்கொண்டு நடந்து பார்த்தேன், வெற்றிலையை விட்டேன், புறாவைக் கம்பில் கட்டிக் கொண்டுபோனேன். அதற்குள் மழை நின்றுவிட்டது.

மறுநாள் விடிந்ததும் சம்பான் படகில் டலாவுக்குப் போனோம். சயா, துப்பாக்கி, நான், ஜூலி. வரப்பில் இறக்கிவிட்டதும் அவள் மூக்கைத் தரையில் வைத்து ஓடினாள். பின்னாலேயே இரண்டு உள்ளான்கள் கிரீச்சிட்டு எழுந்து வளைந்து வளைந்து பறந்தன. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எலி பிடிக்கப் போகிறாளா என்று சயா கேட்டார். நான் கயிற்றைச் சுருட்டுவதுபோல் குனிந்துகொண்டேன்.

பிறகு நின்றாள். உயரமான கோரைப்புதருக்கு முன்னால், அருமையாக, வால் நுனிகூட ஆடாமல். சயாவின் முகம் மாறியது. துப்பாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டு மெதுவாக நடந்தார். புதர் அசைந்தது. நான் சேற்றில் இறங்கி அவர் பக்கம் ஓடினேன். கோரைக்கு மேலே எழுந்தது ஒரு மனிதத் தலை. வயல்காரர் ஒருவர், லுங்கியை இறுக்கிக்கொண்டே எழுந்தார். காலைக்கடனைக்கூட முடிக்க விடமாட்டீர்களா என்று பர்மியத்தில் கேட்டுவிட்டு, துப்பாக்கியைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

சயா வரப்பில் உட்கார்ந்து தோட்டாக்களை வெளியே எடுத்தார். ஒன்று சேற்றில் விழுந்தது, அதை எடுக்கவில்லை. என்னைப் பார்க்காமலே சொன்னார்.

“இவள வீட்டுக்குக் கொண்டாராதே.”

“சயா, தப்பு அவளோடது இல்ல. புறாவ நான் கையில புடிச்சு வச்சேன், என் காலடியத்தான் அவ படிச்சா. எனக்கு ஒரு வாரமா தெரியும்.”

“தாத்தோன்ல எத்தன நாய் பழக்குனே?”

“ஒண்ணுகூட இல்ல. கருவாடு திங்க வர்ற நாய வெரட்டிக்கிட்டிருந்தேன்.”

அவர் அடிப்பார் என்று நினைத்தேன். கையை நீட்டி, “கயித்தக் குடு. நீ போ” என்றார்.

துறைவரை மூன்று பேரும் நடந்தோம். என்னோடு ஒரே படகில் ஏற அவருக்கு மனமில்லை, கரையிலேயே நின்றுகொண்டார். படகு நகர்ந்ததும் ஜூலி கயிற்றை இழுத்தாள். பிறகு இழுப்பதை நிறுத்தினாள். காற்று என் பக்கமிருந்து அவள் பக்கம் வீசியது. தலையை உயர்த்தி, முன்னங்காலை மடக்கி, படகைப் பார்த்து நின்றாள். அவ்வளவு நன்றாக அவள் நின்று நான் பார்த்ததில்லை. சயா குனிந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்ன முடிவு செய்தார் என்று தெரியாமலே நடு ஆறு வந்துவிட்டது.

நான் மோல்மீன் பக்கம் ரப்பர் வேலைக்குப் போனேன். மூன்று வருஷம் கழித்துத் திரும்பியபோது மருந்துக்கடை இருந்த இடத்தில் துணிக்கடை. முனியம்மாக்கா மட்டும் இருந்தாள். சயா அப்புறம் அவரே கையில் உறை மாட்டிக்கொண்டு புறா வாங்க வந்தார் என்றாள். நாயும் கூட வந்ததா என்று கேட்டேன்.

“நாயி இல்லாம அந்தாளு எதுக்குடா பொறா வாங்கறாரு? அது வந்து என் கால மோந்துட்டு நின்னுது. சயா தலையில அடிச்சுக்கிட்டாரு.”

அதைக் கேட்டு நடுத்தெருவில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது முனியம்மாக்காவும் இல்லை. டலா வயல்களைத் தூர்த்து மனை பிரித்து, நம்பர் எழுதிய சிமெண்டுக் கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். உள்ளான் வந்தாலும் அலகு இறங்கச் சேறு கிடையாது. பட்டாளம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து, லைசென்சுத் துப்பாக்கி வைத்திருந்த வீடுகளில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அந்தக் காலத்தில் ஆற்றுக்கு அப்பாலிருந்து வெடிச் சத்தம் கேட்டால், யாருக்கோ இன்றைக்கு உள்ளான் குழம்பு என்று அலோனில் சொல்வார்கள். இப்போது வெடிச் சத்தம் கேட்டால் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை. ஜன்னலைச் சாத்துகிறார்கள்.