தாளில் தங்கிய கறை

ஆயுத பூஜை முடிந்து தைல ஆலை திறந்த அன்று, அங்கே வேலை பார்க்கும் என் மகள் செல்வி சாப்பாட்டுத் தூக்கை மறந்து போய்விட்டாள். கொடுத்துவிட்டு வரலாம் என்று பிள்ளைப்பாக்கத்திலிருந்து நடந்தேன். நாலு பேர் நின்றால் எனக்குப் பேச்சு வராது – கதவோரமாகவே நின்றுகொண்டேன்.

உள்ளே செல்வி அழுதுகொண்டிருந்தாள்!

அந்த ஆலையில் தைலமரத்து இலையை ஆவியில் வேகவைத்து எண்ணெய் இறக்குகிறார்கள். அதில் சினியோல் என்று ஒரு சத்து இருக்கிறதாம். அது குறைந்தால் மருந்துக் கம்பெனிக்காரர்கள் தொடமாட்டார்கள். அதையெல்லாம் அளப்பதற்கு முன்னால், கெமிஸ்ட் தம்பி வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார். சுத்தமான தைலம் என்றால் மிச்சமில்லாமல் பறந்துபோகும். சமையல் எண்ணெய் மாதிரி எதுவும் கலந்திருந்தால்… கறை நிற்கும்.

அன்றைக்குக் கறை நின்றுவிட்டது.

டிரம்மின் குழாயைத் திறந்து தைலத்தை டின்னில் பிடிப்பது செல்வியின் வேலை.

"நல்லத எடுத்துக்கினு கடலெண்ணெய ஊத்திட்டியா?" என்றார் சூப்பர்வைசர்.

"சத்தியமா இல்ல சார்!"

"அப்ப கறை இன்னா வானத்துலேர்ந்தா வந்துச்சு? நாளைக்கு வேலைக்கு வராத."

வேலை போனால் போகட்டும். திருடி என்ற பேர்? அதை எந்தச் சோப்புப் போட்டுக் கழுவுவது? உள்ளே போய்ச் சொல்லலாம் என்று ஓர் அடி எடுத்து வைத்தேன்… வாய் திறந்தால்தானே!

அந்த நேரம் பார்த்து பாய்லர் முனுசாமி வந்தார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. நேரே டிரம்மிடம் போய் நின்றார்.

"கொழாய் எப்படி பளபளன்னு கீது பாத்தியா சார்? பூஜைக்காக வெளக்கெண்ணெய் போட்டு, உள்ளாற வெளிய எல்லாம் துணி வுட்டுத் தேச்சேன்!"

சூப்பர்வைசர் திரும்பிக் குழாயைப் பார்த்தார். அப்புறம் கெமிஸ்ட் தம்பி சிரித்துவிட்டார். குழாயை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். கொஞ்சம் தைலத்தை ஓடவிட்டு, புதுத் தாளில் ஒரு சொட்டு விட்டார்.

எல்லோரும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஈரம் சுருங்கியது… இன்னும் சுருங்கியது… வெறும் வெள்ளைத் தாள்!

அப்போதுதான் கையிலிருந்த தூக்கைக் கீழே வைத்தேன்.

"சரி சரி, போய் வேலயப் பாரு" என்றார் சூப்பர்வைசர். மன்னிப்பா? அது அவர் படித்த பாடத்தில் இல்லை போல.

எண்ணெயில் குறை என்றதும், குழாய்க்குள் விரலை விட்டுப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. டின்னில் பிடித்தவள் கைதான் முதலில் கண்ணில் பட்டது. நாம் மட்டும் என்ன, வீட்டில் ஒரு பொருள் காணோம் என்றால் பீரோவுக்கு அடியிலா முதலில் தேடுகிறோம்?

செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு முனுசாமியிடம் போனாள். "அண்ணே, அடுத்த வருசம் உன் பக்திய கொழாய்க்கு வெளியவே நிறுத்திக்க!"

சாமி கோபித்துக்கொள்ளாது என்றுதான் நினைக்கிறேன்.