தோல்வியை மட்டும் அனுப்புகிறவர்

கொல்லிமலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் மலைமேல் ஆலத்தூர் நாடு என்ற பகுதியைச் சேர்ந்த மிளகு விவசாயி. காது மடலில் முடி, மடியில் மிளகுப் பை. கொண்டை ஊசி வளைவுகளில் எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொள்ள, அவர் மட்டும் செல்போனில் அயர்லாந்து கால்பந்து வீரர்களைத் தேடிக்கொண்டிருந்தார். ஒருவனுக்கு முழங்காலில் அடி என்று படித்ததும் முகம் மலர்ந்து, அந்தச் செய்தியை யாருக்கோ அனுப்பினார்.

"யாருக்குங்க?" என்றேன்.

"மாப்பிள்ளைக்குங்க. பொண்ணு அயர்லாந்துல நர்ஸு, அவன் அந்த ஊர்க்காரன். பேத்திக்குக் குலசாமி கோயில்ல மொட்டை, கெடா வெட்டு. சனமெல்லாம் வந்து குந்தியிருக்கு. 'எங்க நாட்டு மேட்ச் இருக்கு, அடுத்த மாசம் வாரோம்'னு போன் பண்றான். அத்தனை பேர் முன்னாடி தலையைத் தொங்கப் போட்டுட்டு நின்னேனுங்க. அன்னைக்கிலிருந்து அவுங்க நாட்டு டீம் தோத்தாலும் அடிபட்டாலும் மொதத் தகவல் என்னோடதுதான்."

"அயர்லாந்து ஜெயிச்சுட்டா?"

சிரித்தார். "அதுக்குத்தானுங்க ஒவ்வொருத்தன் ஆடுற கிளப்பையும் பாக்கறது. நாட்டு டீம் ஜெயிச்சாலும், சனிக்கிழமையானா கிளப் மேட்சுல எவனாச்சும் ஒருத்தன் எங்கியாச்சும் தோக்காமயா போயிருவான்?"

முள்ளுக்குறிச்சியில் இறங்கிக்கொண்டார். அந்த மாப்பிள்ளையை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் சனிக்கிழமை வந்தால் போனைத் திறந்து, எவன் தோற்றான் என்று தேடுகிறேன்.