காய்ந்த வேட்டி

என் ஓரகத்தி புவனேஸ்வரி அன்றைக்குப் போட்டது இரண்டு கரண்டி மஞ்சள்தூள். இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். விஷயத்தை மூடி வைத்துக் கடைசியில் உடைக்கிற சாமர்த்தியம் எனக்கு வராது. வந்தாலும் இந்த விஷயத்தில் அது வேண்டாம். மூடி வைத்ததால் வந்த வினைதான் இது எல்லாம்.

ஊரில் அவளைப் பற்றி யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லட்டும். எங்கள் வீட்டுக்கு வாழ வந்தவர்களில் அவளைப்போல ஒரு வேலையை ஒழுங்காகச் செய்கிறவள் கிடையாது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எங்களுக்குப் பாகூர் பக்கம். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே மனையில் அடுத்தடுத்து வீடு. புவனேஸ்வரியின் கணவர் சம்மந்தம், என் வீட்டுக்காரருக்கு அண்ணன். வில்லியனூரில் ரேடியேட்டர் கடை வைத்திருக்கிறார். எஞ்சினுக்குள் ஓடிச் சூடான தண்ணீரைக் காற்றில் ஆற்றி மறுபடி உள்ளே அனுப்புகிற பெட்டிதான் ரேடியேட்டர். லாரி, டிராக்டர், செங்கல் ஏற்றுகிற டெம்போ என்று எது ஒழுகினாலும் அவரிடம்தான் வரும். பாதி வழியில் நின்றுபோன டிரைவர்கள் போன் செய்தால் அவர் சொல்வது ஒன்றுதான். கொஞ்சம் மஞ்சள்தூளைக் கரைத்து ஊற்று, ஒழுகுகிற ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும், அப்படியே மெதுவாகக் கடைக்கு வந்து சேர். புவனேஸ்வரி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அவரும் தேவேந்திரனும் சேர்ந்து விமானம் செய்ய ஆரம்பித்தபோது நான் வாய்விட்டே சிரித்தேன். தேவேந்திரன் இரண்டு தெரு தள்ளி இருக்கிறவன். வளைகுடாவில் ஒரு பறக்கும் கிளப்பில் சின்ன விமானங்களைக் கழுவித் துடைக்கிற வேலையில் இருந்தான். அங்கே ஒரு நல்ல மனுஷன் பக்கத்தில் உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டவும் சொல்லிக் கொடுத்திருக்கிறார். திரும்பி வந்து ஸ்கூல் வேன் ஓட்டினான். வேன் ரேடியேட்டரைச் சரிபார்க்கப் போன இடத்தில்தான் இந்தப் பேச்சு ஆரம்பமானது. பிறகு அலுமினியக் குழாய் வந்தது, இறக்கைக்குத் துணி வந்தது, காயலான் கடையிலிருந்து ஒரு பழைய காரின் எஞ்சின் வந்தது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான தகரக் கொட்டகையில் என் விறகுக்கு இடமில்லாமல் போனது. இதற்கெல்லாம் அரசாங்க அனுமதி வேண்டாமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். முதலில் பறக்கட்டும் என்றார்கள் இருவரும். ஆண்கள் கூடி ஒரு பைத்தியக்காரத்தனத்தில் இறங்கிவிட்டால் கேள்வி கேட்கிறவன்தான் பைத்தியக்காரன் ஆகிவிடுகிறான்.

ஊருக்கு மேற்கே மனை விற்க ஒரு நகர் போட்டிருந்தார்கள். அலங்கார வளைவு, தெருப் பலகை, நீளமான தார் ரோடு எல்லாம் உண்டு. வீடு மட்டும் ஒன்றும் எழும்பவில்லை. அந்த ரோடுதான் ஓடுபாதை.

எஞ்சின் சுட்டுக்கொண்டே இருந்தது. ஓடவிட்டால் டீ ஆறுவதற்குள் சூடு காட்டுகிற முள் சிவப்புக்குப் போய்விடும். ரேடியேட்டரை வயிற்றுக்குக் கீழே வைத்துப் பார்த்தார்கள், மூக்குக்குக் கீழே கொண்டுவந்து பார்த்தார்கள். காற்று ஒரு சோம்பேறி, சந்து கிடைத்தால் ரேடியேட்டருக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு போய்விடும் என்று சொல்லி, சம்மந்தம் சுற்றிலும் ரப்பர் ஷீட் வைத்து அடைத்தார். அதன்பிறகு சூடு அடங்கியது. ஆனால் பெட்டியை இடம் மாற்றி மாற்றி வைத்ததில் தண்ணீர் போகிற வழி நீண்டுவிட்டது. இடையில் ஒரு செம்புக் குழாயை அவரே வளைத்துப் பற்றவைத்து, அதன்மேல் ரப்பர் ஓஸை மாட்டிக் கிளிப் போட்டு இறுக்கினார். வளைகுடா கிளப்பில் எல்லாக் குழாய்க்கும் நுனியில் உதடு மாதிரி ஒரு மேடு இருக்கும், அது இருந்தால்தான் ஓஸ் நழுவாது என்று தேவேந்திரன் சொன்னான். இருபது வருஷமாக எவ்வளவோ லாரிக்கு மாட்டியிருக்கிறேன் என்றார் இவர். மேட்டுக்குப் பதிலாக இன்னொரு கிளிப்பைச் சேர்த்து இறுக்கினார். வழுவழுப்பான குழாய் அப்படியே இருந்தது.

அதனால்தான் வேட்டி வந்தது. கிளப்பில் விமானத்துக்கு அடியில் வெள்ளைத் துணி விரித்துவைப்பார்களாம், ஒரு சொட்டு விழுந்தாலும் தெரிந்துவிடும். சம்மந்தத்தின் பழைய வேட்டிகளை எஞ்சினுக்கு அடியில் விரிப்பதென்று முடிவானது. காலையில் எழுந்ததும் ஒருமுறை பார்க்க வேண்டும். எஞ்சினை ஓட்டி நிறுத்தி, புது வேட்டி விரித்து, இன்னொரு முறை பார்க்க வேண்டும். ஈரம் இருந்தால் அன்றைக்குப் பறப்பதில்லை. பார்க்கிற வேலை புவனேஸ்வரிக்கு. கோலம் போடுகிற கவனத்தோடு மண்டியிட்டு ஓரம் ஓரமாகத் தடவிப் பார்ப்பாள். "காஞ்சிருக்கு" என்பாள், அல்லது "சொட்டுது" என்பாள். அவள் சொன்னால் சொன்னதுதான், இரண்டு ஆண்களும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். அந்த வீட்டில் அவள் பேச்சு எடுபட்ட ஒரே இடம் அது என்றுகூடச் சொல்வேன்.

நாள் குறித்துக் குறித்து வேட்டி நனைந்துகொண்டே இருந்தது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் திரும்பிப் போகும்போது ஒரு பேர் வைத்துவிட்டுப் போனது: தண்ணி வண்டி. சம்மந்தம் குடிக்கிறவர் இல்லை. அதனாலேயே அந்தப் பேர் ஊருக்கு இன்னும் ருசித்தது. ரேஷன் கடை வரிசையில் புவனேஸ்வரியை நிறுத்தி, உங்க வூட்டு தண்ணி வண்டி எப்ப மேல போவும் என்று கேட்டார்கள். கடைக்கு வந்த டிரைவர்களும் கேட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். அவளுக்குத்தான் அது உள்ளே தைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேவேந்திரனின் மாமனார் வீட்டார் வேன் வைத்து வந்திருந்தார்கள். காலையில் நான் தண்ணீர் பிடிக்கப் போனபோது கொடியில் ஒரு வேட்டி ஈரமாகத் தொங்கியது. இந்நேரத்தில் என்ன துவைப்பு என்றேன். அழுக்கு என்றாள். கொட்டகையில் வேறு வேட்டி விரித்திருந்தது.

ஆண்கள் வந்து எஞ்சினை ஓட்டி நிறுத்தினார்கள். அவள் முன்பே ஊற்றியிருந்த மஞ்சள், தண்ணீரோடு கலந்து ஓடி, கசிகிற இடத்தைக் கண்டுபிடித்து உட்கார்ந்துகொண்டது. டீ குடித்து முடித்து எல்லோரும் வேட்டியைப் பார்த்தோம். தேவேந்திரன் தானே குனிந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தான். புவனேஸ்வரி "காஞ்சிருக்கு" என்றாள். அது பொய்யில்லை. வேட்டி காய்ந்துதான் இருந்தது.

அது பறந்தது. சிரித்த எனக்கே அழுகை வந்துவிட்டது. கரும்புக் கொல்லைக்கு மேலே ஏறி, ஏரிப் பக்கம் வளைந்து திரும்பியது. ஊரே கைதட்டியது. ஆனால் அடைக்க வேண்டிய இடத்தில் மட்டும் அடைத்துக்கொள்ள மஞ்சளுக்குத் தெரியாது. ரேடியேட்டரின் சன்னமான குழல்களிலும் படிந்துவிட்டது. தண்ணீர் ஆறவில்லை. ஆறாத தண்ணீர் கொதித்து அழுத்த, உதடு இல்லாத குழாயிலிருந்து ஓஸ் மொத்தமாகப் பிடுங்கிக்கொண்டது. எஞ்சின் முன்னால், மனுஷன் பின்னால், நடுவில் மறைப்பு இல்லை. கொதிநீர் முழுவதும் தேவேந்திரனின் முகத்தில் அடித்தது. அந்த நிலையிலும் அவன் அதை நடவு வயலில் இறக்கினான். எப்படி இறக்கினான் என்று அவனுக்கே தெரியாது. மூக்கு சேற்றில் குத்தி நின்றது. எலும்பு ஒன்றும் முறியவில்லை. கண் இரண்டும் போய்விட்டன.

புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரி, பிறகு சென்னை. பார்வை திரும்பவில்லை. போலீஸ் வந்து வழக்கு எழுதியது. சேற்றில் கிடந்ததை இழுத்துவந்து கொட்டகையில் போட்டு, அப்படியே விட்டுவிட்டார்கள்.

புவனேஸ்வரி வாரம் தவறாமல் தேவேந்திரன் வீட்டுக்குப் போனாள். அவன் மனைவி சாரதா வேலைக்குப் போக ஆரம்பித்திருந்ததால், இவள் போய் மதியச் சோறு போட்டுவிட்டு வருவாள். நானும் சில நாள் கூடப் போனேன். அவன் கேட்பது ஒரே கேள்விதான். ஓஸ் பிடுங்கிக்கொள்வதற்கு முன்னால் கட்டாயம் சொட்டும், சொட்டாமல் பிடுங்காது. அப்படியென்றால் வேட்டியில் ஈரம் இருந்திருக்க வேண்டும். நான் எப்படிப் பார்க்காமல் விட்டேன் என்பான். கண்ணிருக்கும்போதே பார்க்கத் தெரியாதவனுக்குக் கண் எதற்கு என்று போய்விட்டதோ என்று, சிரித்துக்கொண்டு சொல்வான். எனக்கு அங்கே உட்கார முடியாது. புவனேஸ்வரி தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவாள். அவள் தேய்க்கிற தேய்ப்பில் பாத்திரம் தேய்ந்துபோகும்.

சம்மந்தம் அங்கே போவதை நிறுத்திவிட்டார். வேட்டி பார்ப்பது புவனாவின் வேலை, ஆனால் ஏறுகிறவன்தான் கடைசியாகப் பார்க்க வேண்டும், அவன் சரியாகப் பார்க்கவில்லை என்பது அவர் கட்சி. இப்படி ஒரு கட்சி இல்லாவிட்டால், உதடு வைக்காத குழாய் அவரைத் தூங்க விட்டிருக்காது.

பொங்கலுக்கு முன்னால் கொட்டகையைக் காலி செய்தார்கள். செம்பு வீணாகப் போக வேண்டாமென்று ரேடியேட்டரை மட்டும் கழற்றி, வாசலிலேயே வைத்து பற்றவைப்பைச் சூட்டில் உருக்கி அதன் மூடியைத் திறந்தார் சம்மந்தம். குழல்களின் வாயில் மஞ்சள் களிம்பாக அப்பியிருந்தது. மஞ்சள் ஊற்றிக்கொண்டு கடைக்கு வந்த வண்டிகளில் அவர் அதைப் பார்க்காத நாள் கிடையாது. விரலில் எடுத்துத் தேய்த்தார். பிறகு எழுந்து தேவேந்திரன் வீட்டைப் பார்த்து நடந்தார். அவர் என்ன முடிவு செய்துவிட்டார் என்பது நடையிலேயே தெரிந்தது. புவனேஸ்வரி அடுப்பை அணைக்கக்கூட இல்லாமல் பின்னால் ஓடினாள். அடிதடி ஆகிவிடுமோ என்று அடுப்பை அணைத்துவிட்டு நானும் ஓடினேன்.

தேவேந்திரன் கூடத்தில் நாற்காலியில் இருந்தான். சாரதா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"சொட்டுனத பாத்துட்டு நீதான மஞ்சப்பொடி போட்டு அடச்ச?" என்றார் சம்மந்தம். "மாமனார் வூட்டு ஆளுங்க முன்னால பறக்கணும்னு அவசரம் உனக்கு. ரேடியேட்டர் பூரா மஞ்சளா இருக்குடா."

தேவேந்திரன் முகத்தை மட்டும் குரல் வந்த பக்கம் திருப்பினான். "மஞ்சளா?" என்றான்.

அந்த இடத்தில் புவனேஸ்வரி பேசாமல் இருந்திருக்கலாம். பேசாமல் இருந்திருந்தால் இன்றுவரை ஒருவருக்கும் தெரிந்திருக்காது. குருடனின் வார்த்தையை யார் நம்பப் போகிறார்கள்? அவள் கணவனைத் தாண்டிப் போய், தேவேந்திரனின் நாற்காலிக்கு எதிரே, வேட்டி பார்ப்பதற்கு மண்டியிடுவதைப்போலவே மண்டியிட்டாள்.

"நான் போட்டேன் தம்பி," என்றாள். "அன்னிக்கி வெடிகாலைல வேட்டி நனைஞ்சிருந்திச்சி. ஓஸ் மாட்டுன எடத்துக்கு நேரா. தண்ணி வண்டி, தண்ணி வண்டின்னு கேட்டுக் கேட்டு எனக்கு ஆவல. மஞ்சள கரைச்சி ஊத்திட்டு, வேட்டிய மாத்தி விரிச்சேன். நின்னுபோச்சேன்னு நெனச்சேன்."

சம்மந்தம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஊரெல்லாம் மஞ்சள் போடச் சொன்ன வாய் அது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தேவேந்திரன் குனிந்தான். "நான் பாத்தப்போ?"

"காஞ்சிதான் இருந்திச்சி."

"ஓரத்துல?"

"ஓரத்துலயும் காஞ்சிருந்திச்சி தம்பி. நீ நல்லாத்தான் பாத்த."

அவன் இரண்டு கையாலும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டான். தழும்பேறிய முகம் கோணிக்கொண்டு வந்தது. அது கோபம் என்றுதான் நான் முதலில் நினைத்தேன்.

"சாரதா, கேட்டுக்கினியா?" என்றான். "நான் சரியாத்தான் பாத்திருக்கேன்."

அப்புறம் அழுதான். விபத்து நடந்த நாளிலிருந்து அவன் அழுது நான் பார்த்ததில்லை. சாரதா எழுந்து வந்து அவன் தலையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். எங்கள் மூன்று பேரையும் அவள் பார்க்கவே இல்லை.

அழுகை அடங்கியதும் அவன் மறுபடி பேசினான். குரலில் சூடு ஒன்றும் இல்லை.

"அண்ணி, இனிமே நீ இங்க வராத."

புவனேஸ்வரி தலையை ஆட்டினாள். அவன் பதிலுக்காகக் காத்துக்கொண்டே இருந்தான். தலை ஆட்டினால் அவனுக்குத் தெரியாது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

"சரி தம்பி," என்று வாய்விட்டுச் சொன்னாள்.