ஒரே ஆறு, இரண்டு உலகம்

கல்யாணமாகி கே.கே. நகர் வீட்டுக்கு வந்த புதிதில் எனக்கு யார் மேல் கோபம் என்று கேட்டால், என் நாத்தனார் மேல்தான். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கணவர் வீட்டில் எல்லாரும் சௌராஷ்டிரம் பேசுவார்கள். நான் உசிலம்பட்டிப் பக்கம், காதலித்துக் கட்டிக்கொண்டவள். அவர்கள் கூடி உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் உள்ளே நுழைந்ததும் நாத்தனார் தமிழுக்கு மாறி, "சாப்டீங்களா அண்ணி?" என்பாள். விருந்தாளியிடம் கேட்கிற கேள்வி. ஒருத்தி எத்தனை மாதம்தான் விருந்தாளியாகவே இருப்பாள்? பற்றிக்கொண்டு வரும். கணவரிடம் சொன்னால், "மரியாதையாத்தான பேசுறா, விடு" என்பார். யாருக்கு வேண்டும் மரியாதை! வீட்டில் ஒருத்தராவது என்னை வீட்டு ஆளாக நினைக்க வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கணவர் கப்பலூர் கம்பெனிக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம், நாத்தனார் ஹாலில் டிவியில் கேம் ஆடிக்கொண்டிருந்தாள். நான் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே பார்த்தேன். அந்த கேமில் ஒரே ஊர் இரண்டு உலகத்தில் இருந்தது, ஒன்று வெளிச்சத்தில், ஒன்று இருட்டில். ஒரு பட்டனை அழுத்தினால் நின்ற இடத்திலேயே உலகம் மாறும். மூலையில் ஒரு மேப். நடந்த இடம் மட்டும் அதில் தெரியும், மற்றதெல்லாம் கறுப்பு. வெளிச்ச உலகத்தில் ஆற்றுப் பாலம் உடைந்து கிடந்ததால் அக்கரை முழுக்கக் கறுப்பாகவே இருந்தது. அவள் வேறு வழி தேடி இக்கரையிலேயே அலைந்தாள். இருட்டு உலகத்துக்கு மாறினால் பேய்கள் துரத்தும். பயந்து உடனே திரும்பிவிடுவாள்.

பேசக்கூடாது என்றுதான் இருந்தேன். வாய் சும்மா இருந்தால்தானே.

"ஏம்மா, அந்த உலகத்துல இந்த ஆத்துல சொட்டுத் தண்ணி இல்லையே. நீ பாக்கலையா?"

"அது வேற மேப் அண்ணி."

"என்னத்த வேற மேப்பு? இதே வளைவு, இதே பாறை. வைகை காஞ்சு கெடக்கும்போது நம்மாளுக பாலத்தைத் தேடிக்கிட்டா போறாக? ஆத்துல ஒரு காலு சேத்துல ஒரு காலுன்னு நிக்காம, அங்கிட்டுப் போயி எறங்கி நட. அக்கரை ஏறுனதும் இங்கிட்டு மாறிக்க. அம்புட்டுத்தேன்."

ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு பட்டனை அழுத்தினாள். பேய்கள் துரத்தத் துரத்த மணலில் ஓடி, அக்கரை ஏறி, மறுபடி அழுத்தினாள். வெளிச்சம் வந்தது. உடைந்த பாலம் இப்போது முதுகுக்குப் பின்னால் இருந்தது. நடக்க நடக்க மேப்பில் கறுப்பு விலகியது.

துள்ளி எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, டிவியைக் காட்டிக் காட்டி மூச்சுவிடாமல் பேசினாள். எல்லாம் சௌராஷ்டிரத்தில். எனக்கு அந்த மொழி தெரியாது என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. சொன்னால் தமிழுக்கு மாறிவிடுவாளே என்று, தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.