வாசலைத் தாண்டாத மணமகள்

கிண்ணியாவில் ஒரு கல்யாண வீட்டின் பெண்கள் பக்கத்தைப் படம் பிடிக்க வேண்டுமென்றால் நஜ்முன் நிஸாவைத்தான் தேடி வருவார்கள். ஆண்கள் பக்கத்துக்கு யார் வந்தாலும் போதும். திருகோணமலை நகரில் ஸ்டூடியோக்கள் நிறைய இருக்கின்றன. பெண்கள் இருக்கும் அறை வேறு. அங்கே முக்காடுகள் நழுவியிருக்கும், சின்னம்மா முறையான சாச்சிமார் சிரித்துப் புரள்வார்கள், மணமகளின் கூந்தல் தெரியும். அதைப் படம் பிடிப்பதும் ஒரு பெண், வெட்டித் தொகுப்பதும் அதே பெண், பார்ப்பதும் பெண்கள் மட்டும். வேலை முடிந்ததும் ஒரு பிரதியை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, தன் கணினியில் இருப்பதை அவர்களைக் கூப்பிட்டுவைத்து அழித்துவிடுவார். இது யாரும் எழுதிவைத்த விதியில்லை. அவர் அப்படிச் செய்கிறார் என்பதால்தான் அவரை அறைக்குள் விடுகிறார்கள்.

அந்தத் தெருவில் சின்னவர்கள் எல்லாரும் அவரை அக்கா என்ற பொருளில் ராத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். நகரில் பெண்களுக்கான ஒரு கணினி வகுப்பில் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்த காலத்திலிருந்து நானும் அப்படித்தான். அப்போதே அவருக்கு இரண்டு பிள்ளைகள். கணவர் நஸ்ரிக்குக் கந்தளாய்ப் பக்கம் வயல். விதைப்புக்கும் வெட்டுக்கும் அங்கேயே தங்கிவிடுவார். குசினியை அடுத்த சின்ன அறைதான் ராத்தாவின் தொழிற்கூடம். ஒரு மேசை, இரண்டு திரைகள், கடற்காற்றின் உப்பு உள்ளே வராமல் எப்போதும் மூடியிருக்கும் ஒரு யன்னல். ஊர் ஊராகப் போய்விட்டுத் திரும்பி வந்து, வீட்டில் ஓர் இடத்தில் இருக்கத் தெரியாமல் திரிந்த எனக்கு, ஒரே கதிரையில் இத்தனை வருடம் இருந்த ஒருவரைப் பார்ப்பது ஆச்சரியமாக இருந்தது.

நான் திரும்பி வந்த அதே கிழமையில்தான் ரிஸ்லாவின் வீடியோ சிக்கலாகிக் கிடந்தது.

ரிஸ்லாவுக்கு உம்மா இல்லை. வளர்த்தது மூத்தவள் ஸல்ஹா. குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்து தங்கைக்கு வீடு கட்டி, கல்யாணத்தையும் செய்துவைத்தவள், கல்யாணத்துக்கு மட்டும் லீவு கிடைக்காமல் நின்றுவிட்டாள். இப்போதுதான் வந்திருக்கிறாள், சனிக்கிழமை திரும்பிப் போக வேண்டும். பெண்கள் பக்கத்து வீடியோவைத் தொலைபேசியில் அனுப்பும் வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. ஆகவே ஸல்ஹா அதைப் பார்ப்பதென்றால், போவதற்கு முன் இங்கே, வீட்டுத் தொலைக்காட்சியில் பார்க்க வேண்டும். தவறினால் அடுத்த லீவு எப்போதென்று அவளுக்கே தெரியாது.

பாதி வேலையில் ராத்தாவின் பழைய கிராபிக்ஸ் கார்ட் செத்துப்போயிருந்தது. அப்போது நான் கோலாலம்பூரில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். நல்லதொரு கார்ட் வாங்கி வரும்படி செய்தி அனுப்பினார். உடுப்புகளுக்குள் சுற்றி, குழந்தையைக் கொண்டுவருவதுபோலக் கொண்டுவந்தேன். கார்டின் பெட்டியில் குறைந்தது 650 வாட்ஸ் பவர் சப்ளை வேண்டும் என்று போட்டிருந்தது. கணினியைத் திறந்து பார்த்தோம். உள்ளே இருந்த பவர் சப்ளையின் பக்கவாட்டில் பெரிய சிவப்பு எழுத்தில் 650. கணினியின் கூடான கேசிங் வாங்கும்போது அதோடு சேர்ந்தே வந்தது. இருவருக்கும் சந்தோஷம். கார்டுக்கு மின்சாரம் கொடுக்க இரண்டு சொருகிகள் தேவை. பவர் சப்ளையிலிருந்து ஒன்றுதான் வந்தது. மற்றதை, பெட்டியோடு வந்த மாற்று வயரை டிஸ்க்குக்குப் போகும் வயரில் மாட்டிச் சமாளித்தோம். விசிறிகள் சுற்றின, திரை ஒளிர்ந்தது.

படத்தைத் தொகுத்து முடித்து, முழு வீடியோவாக வெளியே எடுக்க எக்ஸ்போர்ட் போட்டபோது கணினி நின்றது. ஒரு எச்சரிக்கையும் இல்லை; யாரோ பிளக்கைப் பிடுங்கியதுபோல எல்லாம் ஒரே நொடியில் இருண்டது. திரும்பப் போட்டார். திரும்ப நின்றது. ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய ஒரே இடம்: அலங்காரம் முடிந்து, அறைக் கதவைத் திறந்துகொண்டு ரிஸ்லா வெளியே வரும் காட்சி. ராத்தா அதை மிக மெதுவாக ஓடவிட்டு, பொன் நிற ஒளி பூசியிருந்தார். கதவு திறக்கும், பட்டுச் சேலையின் கரை தெரியும், ஒரு கால் எழும்பும். அவ்வளவுதான். ரிஸ்லா வாசலைத் தாண்டவே இல்லை.

ராத்தாவின் மாமி, பிள்ளைக்குக் கண்ணூறு பட்டிருக்கிறது என்றார். வந்து நின்று ஓதி, கேசிங்கின் மேல் ஊதிவிட்டும் போனார். அதற்குப் பிறகும் நின்றது.

காட்சியை மெதுவாக்காமல் சாதாரணமாக ஓடவிட்டால் தப்பிவிடலாமே என்று நான் சொன்னேன். ராத்தா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்த இடத்தப் பாக்கத்தான் புள்ள ஸல்ஹா வந்திருக்கா."

மறுநாள் கேசிங்கைப் பழைய சாரத் துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு பாலத்தைக் கடந்து நகருக்குப் போனோம். புறப்படுவதற்கு முன் ராத்தா வீடியோ இருந்த டிஸ்க்கைக் கழற்றித் தன் கைப்பைக்குள் போட்டார். அந்தப் பை அவர் தோளிலிருந்து இறங்கவேயில்லை. துறைமுக வீதிக்கு அருகே கணினி திருத்தும் இராகுலனின் கடை. அவன் தன்னிடமிருந்த பழைய டிஸ்க் ஒன்றை மாட்டிக் கணினியைப் போட்டான். ஓடியது. பாட்டுப் போட்டான், படம் போட்டான், பின்னேரம்வரை ஓடவிட்டான். ஒரு குறையும் இல்லை.

"மெஷினில பிழை ஒண்டும் இல்லை அக்கா. உங்கட டிஸ்க்கிலதான் ஏதோ. தாங்கோ, ஒருக்காப் போட்டுப் பாப்பம்."

"அது ஏலா தம்பி. பொம்புளைகளுட வீடியோ."

"அப்ப நான் கண்ணை மூடிக்கொண்டு பாக்கிறன்."

"கண்ண மூடினா என்னத்தப் பாப்பீங்க?"

அவன் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டான்; வற்புறுத்தவில்லை. கணினியைத் திரும்பக் கொண்டுவந்து, டிஸ்க்கை மாட்டி எக்ஸ்போர்ட் போட்டோம். கதவு திறந்தது. கால் எழும்பியது. இருட்டு.

அன்று ஸல்ஹா வந்தாள். வீடியோவைப் பற்றிக் கேட்கவில்லை. தேத்தண்ணி குடித்தாள், குவைத் வெயிலைப் பற்றிக் கதைத்தாள். போகும்போதுதான், மாப்பிள்ளை வீட்டார் நகரத்து ஸ்டூடியோவில் கொடுத்து முடிக்கலாம் என்கிறார்கள், ரிஸ்லாவுக்கு அதில் விருப்பமில்லை, தனக்கும் இல்லை என்று சொன்னாள். "ஆனா நான் பாக்காமப் போனா…" என்று தொடங்கியவள் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டாள்.

குசினியில் மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்த ராத்தா, கை கழுவாமலே வாசலுக்கு வந்தார்.

"கடையில அது சும்மாதானே இருந்திச்சி. பாட்டுப் பாடினா என்ன களைப்பு வரும்?"

எனக்கும் அப்போதுதான் விளங்கியது. எந்த வேலை அந்தக் கணினியை விழுத்தியதோ, அந்த வேலையை நாங்களே கழற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, மீதியை வைத்தியரிடம் காட்டியிருந்தோம். மறைக்க வேண்டியதும் நோயைக் காட்டுவதும் ஒன்றாகவே இருந்தது. ஒன்றைக் காப்பாற்றினால் மற்றது தெரியாது. எத்தனையோ ஊர்களில் எத்தனையோ வாசல்களைப் பார்த்திருக்கிறேன். எதை உள்ளே விடுவது, எதை விடாமல் வைப்பது என்பதை இவ்வளவு கவனமாக யோசித்தவர்களைப் பார்த்த நினைவில்லை. டிஸ்க்கைக் கொடுத்துவிட்டால் ஒரு நிமிடத்தில் முடியும் காரியம் என்று நான் நினைத்ததும் உண்மை. அதை ராத்தாவிடம் சொல்லவில்லை.

அவர் வேறொன்று செய்தார். அதே கமராவை எடுத்தார். மாமியின் வெள்ளாடு குசினிக்குள் நின்றது. நான் முற்றத்தில் பலா இலைக் கொத்தோடு நின்று அதைக் கூப்பிட, அது வாசல் வழியாக வெளியே வந்தது. ஒரு வெற்று டிஸ்க்கில் தொகுப்பு மென்பொருளை ஏற்றி, அந்தக் காட்சியை மட்டும் அதில் போட்டு, ரிஸ்லாவுக்குச் செய்த எல்லாவற்றையும் ஆட்டுக்கும் செய்தார். அதே மெதுவான ஓட்டம், அதே பொன் ஒளி, பின்னால் அதே இசை. எக்ஸ்போர்ட் போட்டார். ஆட்டின் முன்னங்கால் வாசற்படியில் எழும்பிய இடத்தில் கணினி நின்றது. அந்தக் கிழமையில் ராத்தா சிரித்ததை முதன்முதலாக அன்றுதான் பார்த்தேன்.

ஆடு இருந்த டிஸ்க்கோடு கணினியைத் தூக்கிக்கொண்டு மீண்டும் இராகுலனின் கடைக்குப் போனோம். கடையில் காத்திருந்த இரண்டு பேரும் திரையை எட்டிப் பார்த்தார்கள். பொன் வெயிலில், இசையோடு, ஆடு மெல்லத் தலையைத் திருப்பியது.

"மாப்பிள்ளை எங்க அக்கா?" என்றான் இராகுலன்.

சொல்லி முடிக்குமுன் எல்லாம் அணைந்தது. அவன் சிரிப்பும் நின்றது. கேசிங்கைத் திறந்து வயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். மாற்று வயரின் சொருகி கை வைக்க முடியாத சூடு. பவர் சப்ளையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். பெரிய சிவப்பு 650க்குக் கீழே, பொடி எழுத்தில் ஓர் அட்டவணை. கார்டும் ப்ரொசஸரும் உயிர் வாழ்வது பன்னிரண்டு வோல்ட் வரியில் வரும் மின்சாரத்தில்தான். அந்த வரியில் 22 அம்பியர் என்று இருந்தது. ராத்தா பன்னிரண்டால் பெருக்கினார்: 264 வாட்ஸ். கார்ட் மட்டுமே இருநூறு கேட்கும். கடும் வேலையில் ப்ரொசஸர் இன்னும் நூறு கேட்கும். பாட்டுக்கும் படத்துக்கும் 264 தாராளம். மெதுவான ஓட்டமும் பொன் ஒளியும் சேர்ந்து, கார்டும் ப்ரொசஸரும் ஒரே நேரத்தில் கேட்கும் இடம் அந்த வாசல்தான். சிவப்பு எழுத்தின் மீதி எங்கே என்று நான் கேட்டேன். இந்தக் கணினி அவ்வளவாகத் தொடாத மற்ற வரிகளில் கொஞ்சம் இருக்கும், மிச்சம் ஸ்டிக்கர் அடித்தவனின் தாராள மனசு என்றான் இராகுலன்.

"நானும் உந்தப் பெரிய எழுத்தைத்தான் பாத்தனான்," என்று பிறகு சொன்னான்.

மாற்றுவதற்கு அலுமாரியில் இரண்டு இருந்தன. ஒன்றில் 750 என்று பெட்டி முழுக்க எழுதியிருந்தது, விலையும் குறைவு. மற்றது 650தான், விலை கூட. ராத்தா இரண்டையும் திருப்பி, பொடி எழுத்துப் பக்கத்தை மேலே வைத்தார். 750இன் பன்னிரண்டு வோல்ட் வரியில் 30 அம்பியர். வெறும் 360 வாட்ஸ். மற்றதில் 54, அது 648. கார்டுக்கு இரண்டு தனித்தனி வயர்கள் பவர் சப்ளையிலிருந்தே வந்தன. அவர் யோசிக்கவில்லை.

"650ஐக் குடுத்து 650ஐயே வாங்கினனியளோ எண்டு வீட்டில கேப்பினம்," என்றான் இராகுலன்.

"கேட்டா ஆட்டக் காட்டுவன்."

புதியதை மாட்டி, மாற்று வயரைக் குப்பைக்குள் போட்டுவிட்டு ஓடவிட்டான். ஆடு வாசலைத் தாண்டியது. முற்றத்துக்கு வந்து, பலா இலையை நிதானமாக மென்றது. காத்திருந்தவர்களில் ஒருவர் கைதட்டினார். இனிமேல் கடைக்கு வரும் மெஷின்களைப் பரிசோதிக்க அந்த வீடியோவைத் தர முடியுமா என்று இராகுலன் கேட்டான்.

"தாறன். அத எல்லாரும் பாக்கலாம்."

வெள்ளிக்கிழமை, ஆண்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் போன நேரத்தில், ரிஸ்லாவின் வீட்டு யன்னல்களுக்குத் திரை இழுத்துவிட்டுப் பெண்கள் பாயில் இருந்தார்கள். ஸல்ஹா எல்லாருக்கும் முன்னால். பக்கத்தில் ரிஸ்லா. கதவு திறந்தது. சேலைக் கரை, எழும்பிய கால். ராத்தாவின் கை என் முழங்கையைப் பிடித்திருந்தது. ரிஸ்லா வாசலைத் தாண்டி, ஒளிக்குள் வந்து, தலை நிமிர்ந்து பார்த்தாள்.

ஸல்ஹா அழுவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவள் திரைக்கு அருகே நகர்ந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"அந்த முக்காட்டுப் பின்ன ஆரு குத்தின? சாஞ்சி கெடக்கு."

ரிஸ்லா தலையைக் குனிந்துகொண்டு தன் அக்காவிடம், "நீங்க இல்லயே ராத்தா," என்றாள்.

ஸல்ஹா திரும்பி, தங்கையின் முக்காட்டில் இப்போது இருந்த பின்னைக் கழற்றி, துணியை நேராக்கி, மறுபடி குத்தினாள். பிறகு அவளைத் தன் தோளோடு சாய்த்துக்கொண்டு எங்கள் பக்கம் பார்த்தாள்.

"மறுகா போடுங்க."

நிஸா ராத்தா ரிமோட்டை எடுத்து, கதவு இன்னும் மூடியிருக்கும் இடம்வரை பின்னுக்குக் கொண்டுபோனார்.