இரண்டு பாட்டிலும் ஒரு சம்பந்தியும்

எழுத உட்கார்ந்ததற்கு முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவன். பழங்காநத்தத்தில் ஒயரும் சுவிட்சும் விற்கிறேன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் திறக்க வராது. பெல்ஜியம் பீரைப் பற்றிப் பேச எனக்கு ஒரு தகுதியும் இல்லை. ஆனாலும் ஒருமுறை என்னிடம் அபிப்பிராயம் கேட்டுவிட்டார்கள்.

மகளுக்கு வரன் அமைந்து, ஞாயிற்றுக்கிழமை பூ வைக்க வருவதாகப் பேச்சு. பூத்தட்டைப் பையனின் தாய்மாமன்தான் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அவர் பெல்ஜியத்தில் துறைமுக வேலையில் இருப்பவர், விடுமுறையில் வந்திருந்தார். அவருக்கும் பையனின் அப்பாவுக்கும் ஏழாம் பொருத்தம். மாமன் முறுக்கிக்கொண்டு போய்விட்டால் தட்டு வராது. மகளின் காரியம் நின்றுவிடும். பூ வைப்பதற்கு முதல் நாள் மதியம் சோழவந்தானில் இருக்கும் தங்கள் தோப்புக்கு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

"எதக் குடுத்தாலும் நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லுங்க" என்று மனைவி சொல்லி அனுப்பினாள்.

பம்புசெட் அறை வாசலில் மேசை போட்டிருந்தது. ஒரு பக்கம் மாமன் பெட்டியில் துணி சுற்றிக் கொண்டுவந்த பாட்டில்கள். எதிர்ப்பக்கம், பெங்களூரில் வேலை பார்க்கும் பையன் மூலம் அப்பா வரவழைத்தவை. அவையும் பெல்ஜியம் முறையில் காய்ச்சியவைதான் என்று அவற்றின் மேலேயே எழுதியிருந்தது.

மாமன் தன் பீரை அகல வாய்க் கண்ணாடிக் கிளாசில் சாய்த்து ஊற்றினார். வடித்த கஞ்சி போலக் கலங்கலாக இருந்தது.

"மொதல்ல மோந்து பாருங்கண்ணே. கொத்தமல்லி வெதையும் ஆரஞ்சுத் தோலும் வரும்."

"ஒங்கக்கா ரசத்துலயும் மல்லிதான் போடுறா மாப்ள. அதுக்கு ஏன் ஏரோப்ளேன்ல போகணும்?" என்றார் அப்பா. சுக்காத் தட்டை என் பக்கம் தள்ளினார்.

மாமன் தட்டைத் திரும்ப இழுத்தார். "காரம் தின்னா நாக்கு செத்துரும் மச்சான். சீஸ் கொண்டாந்திருக்கேன்."

"பச்சப்புள்ள திங்கிறதக் குடுத்துப் பெரிய மனுசனப் பீர் குடிக்கச் சொல்றான் பாருங்க சம்பந்தி."

நான் இரண்டிலும் கொஞ்சம் குடித்தேன். முதலாவது நன்றாக இருந்தது. இரண்டாவதும் அப்படியேதான் இருந்தது. அதைத்தான் சொன்னேன்.

"அதெல்லாம் செல்லாதுண்ணே. ஒண்ணச் சொல்லுங்க" என்றார் மாமன்.

"ஆமா, மனசுல பட்டதச் சொல்லுங்க சம்பந்தி" என்றார் அப்பா. அன்று அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

நான் வேட்டி நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமனுக்கு முகம் சிவந்தது. "அம்புட்டுத் தூரத்துலருந்து தூக்கிட்டு வந்ததுக்கு இதான் மரியாதை. நா இன்னைக்கே மெட்ராசுக்குப் போயி ஏரோப்ளேன் ஏறுறேன்."

புரோட்டா கடையில் கோழிச் சால்னாவா, ஆட்டுச் சால்னாவா என்று கேட்டால், ரெண்டையும் கலந்து ஊற்றுங்கள் என்று சொல்லியே பழகியவன் நான். கை தன்பாட்டுக்கு இரண்டு கிளாசிலும் மிச்சமிருந்ததை ஓர் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றியது. ஒரே மடக்காகக் குடித்தேன்.

"கலந்தா இன்னும் நல்லாருக்குங்க" என்றேன்.

மாமன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"மச்சான், இந்த மனுசன் என்ன பண்ணாருன்னு பாத்தீகளா?"

"பாத்தேன் மாப்ள. என் சரக்கும் சேந்துதான போச்சு." அப்பா அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். "சுவிட்சு விக்கிறவருக்கு நாக்குல பியூஸ் போயிருச்சு. விடு."

மாமன் சிரித்துவிட்டார். அப்புறம் கறிச்சோறு முடியும்வரை இருவரும் தோளோடு தோள் உட்கார்ந்து என் நாக்கைப் பற்றியே பேசினார்கள். சொந்தக்காரர்கள் எத்தனையோ முறை பஞ்சாயத்துப் பேசியும் அவர்கள் இப்படிச் சேர்ந்து உட்கார்ந்ததில்லையாம். ரசனையில் தங்களைவிட மட்டமான ஒருவன் கிடைத்ததும் சேர்ந்துகொண்டார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு எல்லோரும் வந்தார்கள். மாமன் பூத்தட்டைக் கொடுத்தார். கேசரியும் காப்பியும் சாப்பிட்டுவிட்டு அவரும் அப்பாவும் ஒரே காரில் கிளம்பிப் போனார்கள்.