எழுத்து வரையும் கருவிக்கு ஒன்பது வரி

செங்கமலம் பெயர்ப் பட்டியலைக் கீழிருந்து மேலாகத்தான் படிப்பார். பேனா மூடியைக் கழற்றி, அதன் நுனியைத் திரையில் கடைசிப் பெயருக்கு அடியில் வைப்பார். உதடு மட்டும் அசையும். ஒரு பெயர் முடிந்தால் மூடி ஒரு வரி ஏறும். இடது கட்டைவிரல் ஒரு கணு நகரும். புத்தூர் ஃப்ளெக்ஸ் கடையில் பதினோரு வருஷம் டிசைன் செய்த கை.

ஊர் நாராயணவனத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனி. அடுத்தவர் வயலில் கூலிக்கு அறுத்த நைனா, மகளைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தார். முப்பத்தெட்டு வயதில் செங்கமலம் திருப்பதியில் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். இங்கே பேனர்களை ஒரு ஏஐ ஏஜென்ட் செய்கிறது. வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் விவரம் அனுப்பினால், தனக்குக் கொடுத்திருக்கும் மென்பொருள் கருவிகளில் எது வேண்டுமோ அதை எடுத்து வேலையை முடித்துவிடும். கருவிக்குள் இருக்கும் நிரல் அதற்குத் தெரியாது. பக்கத்தில் நாம் எழுதி வைக்கும் குறிப்புதான் அதற்குக் கண். எழுத்து வரையும் கருவிக்கு எழுதியிருந்தது ஒரே வரி: ‘படத்தில் எழுத்தை எழுதும்.’

ஒரு புதன்கிழமை காலை பங்காருபாளையத்திலிருந்து வெங்கடசாமி என்பவர் போன் செய்தார். மகளின் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு எங்களிடம் பேனர் அடித்திருந்தார். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது.

“அடியில ஆறு பேரு காணோம்யா! பொண்ணுக்குத் தாய்மாமனுங்க! சீர்த்தட்ட வண்டியிலயே வச்சிக்கினு எறங்க மாட்டேன்றானுங்க. ஊரே நின்னு பாத்துக்கினு கீது!”

வேறு பேனர் அடித்துக் காரில் அனுப்பினோம். மூன்று மணிக்குத்தான் சீர் இறங்கியதாம்.

மேலாளர் ரமணா ஒரு தாளோடு வந்தார். அச்சுக்கு முன் சரிபார்க்காதது செங்கமலத்தின் தவறு என்று அதில் இருந்தது. சரிபார்க்கும் வேலையைப் போன மாதமே நிறுத்தியாயிற்று. பொறுப்புப் பட்டியலில் மட்டும் அவர் பெயர் அழியாமல் கிடந்தது.

“ஏஐ மாடல் மக்கு அக்கா. வேற பெரிசு வாங்கிடலாம். நீங்க இதுல ஒரு சைன் போடுங்க, சாலு, அது போதும். சும்மா ஃபார்மாலிட்டி.”

“போட மாட்டேன் சார்.”

“போடலேன்னா வெள்ளிக்கிழமையோட வேலை இல்லேன்னு மேல சொல்லிட்டாங்க. நான் என்ன பண்ண?”

“மாடல் மக்கு இல்ல. இன்னிக்கு வேலைக்கு வந்தவன்கிட்ட ‘எழுது’ன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுத் துன்னப் போய்ட்டா, அவன் என்னாத்த எழுதுவான்? எடம் பத்தலேன்னா இந்த டூலு மிச்சத்த வெளிய தள்ளிட்டு ‘முடிஞ்சிது’ன்னு சொல்லுது. அத யாரு அதுக்குச் சொன்னது?”

“நீங்களே எழுதுங்களேன், உங்க இங்கிலீஷ்ல!” ரமணா சிரித்தார்.

“எழுதறேன். என் இங்கிலீஷு சின்னது. ஒரு வாக்கியத்துக்கு ஒரு விஷயந்தான் அதுல புடிக்கும்.”

அன்று மாலைக்குள் எட்டு வரி எழுதினார். இந்தக் கருவி வரியை மடிக்காது. படத்துக்கு வெளியே போகும் எழுத்து வரையப்படாது. அப்போதும் ‘முடிந்தது’ என்றே பதில் வரும். ஆகவே முதலில் அளக்கும் கருவியால் அகலமும் உயரமும் பார். கொள்ளாவிட்டால் எழுத்தைச் சிறிதாக்கு, அல்லது இரண்டு பத்தியாகப் பிரி. பெயரை ஒருபோதும் விடாதே. இப்படிப் போயிற்று. சொல்லாமல் விடுவதில்தான் அழகு என்று நவீன கவிதை படித்து நம்பியிருந்தவன் நான். அந்த எட்டு வரியில் விடுபட்டது எதையும் என்னால் காட்ட முடியவில்லை.

வியாழக்கிழமை ரமணா எதிரிலேயே அதே ஆர்டரைப் பழைய குறிப்போடு இருபது முறை ஓட்டினோம். பதினேழில் மாமன்கள் இல்லை. புதுக் குறிப்போடு இருபதிலும் பட்டியலில் உள்ள எல்லாப் பெயரும் இருந்தன. ஆனால் ஆறு பேனரில், பெண்ணின் பெயர் வரும் தலைப்பைக் காணவில்லை.

“மாமன் வந்துட்டான், பொண்ணு எக்கட, எங்க?” என்றார் ரமணா.

செங்கமலத்தின் முகம் சிவந்தது. ஆறையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஃப்ளெக்ஸின் மேல் நாலு அங்குலத்தை மடித்துத் தைத்து வளையம் அடிப்பார்கள். கடைக்காரர் யாரும் அங்கே எழுத மாட்டார்கள். அதைச் சொல்லவேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. ஏஜென்டோ, பெயர்களுக்கு இடம் வேண்டித் தலைப்பை உச்சியில், பூஜ்யத்தில் வைத்திருந்தது. இந்தக் கருவிக்கு நாம் தரும் எண் எழுத்தின் கால், அதாவது அடிவரி, நிற்கும் இடம். கால் பூஜ்யத்தில் நின்றால் உடம்பு முழுக்கப் படத்துக்கு மேலே.

“இது என் தப்பு. இதுக்கு வேணா சைன் போடறேன், குடுங்க. அதுக்குப் போட மாட்டேன்.”

ஒன்பதாவது வரியைச் சேர்த்தார்: எண் எழுத்தின் காலைக் குறிக்கும், உச்சியில் நாலு அங்குலம் காலியாக விடு. மறுபடி இருபது. ஒன்றிலும் குறையில்லை.

ரமணா தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமை செங்கமலம் டிபன் டப்பாவோடு வழக்கமான ரயிலில் வந்து, உட்கார்ந்து, அடுத்த கருவியின் குறிப்பைத் திறந்தார். போகச் சொல்லி யாரும் வரவில்லை.

தான் ஜெயித்துவிட்டதால் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டிருப்பார்கள் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் அப்படித்தான் நினைத்தேன். நாலு மாதம் கழித்து வேறொரு கோப்பைத் தேடும்போது அந்தத் தாளே கையில் அகப்பட்டது. செங்கமலத்தின் பெயரை ஒரு கோடு போட்டு அடித்து, அதற்கு மேலே ரமணா தன் பெயரை எழுதியிருந்தார். கீழே அதே வியாழக்கிழமைத் தேதியில் ரமணாவின் கையெழுத்து.